கடைசி சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் டெலிவரி எடுப்பதற்கு முன்னாவது படியுங்கள்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். இரண்டாவது குழந்தை பிறந்துவிட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து கூடவே இருக்கிறார்கள். இருக்கிற சின்னக் காரில் பைகளை ஏற்றினால் ஆள் உட்கார இடமில்லை. குலதெய்வம் கோவிலுக்குப் போவதென்றால் ஒவ்வொரு தடவையும் வாடகை வண்டி பேச வேண்டியிருக்கிறது. புது ஏழு சீட்டர் விலை கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்திருப்பீர்கள். அப்புறம் யாரோ ஒரு நண்பர், "பழைய ஸ்கார்ப்பியோ ஒண்ணு வருது, பத்து வருஷ வண்டி, சிங்கிள் ஓனர், எஞ்சின்ல கை வைக்கல" என்று சொல்லியிருப்பார். ஸ்கார்ப்பியோ இல்லாவிட்டால் பொலீரோ, சஃபாரி, சுமோ. இரண்டு நாளாக உங்களுக்குத் தூக்கமில்லை.

ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. கடனில் மூழ்காமல் பழைய வண்டி வாங்குவது நல்ல குடும்பத் தலைவன் செய்கிற காரியம்தான். எனக்கு இருக்கும் கவலை வேறு. வண்டி பார்க்கப் போகும் எல்லோரும் முன்பக்கத்திலிருந்தே பார்க்கிறார்கள். பானெட்டைத் தூக்குகிறார்கள், ஆயில் மூடியைக் கழற்றிப் புகை பார்க்கிறார்கள், டிரைவர் சீட்டில் ஏறி ஒரு ரவுண்டு ஓட்டுகிறார்கள். பின்கதவைத் திறந்து கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. ஆனால் அந்த வண்டியில் உங்கள் பிள்ளைகள் உட்காரப்போவது அங்கேதான். நம் வீடுகளில் அதுதான் வழக்கம். முன்னால் அப்பா, பக்கத்தில் தாத்தா, நடுவில் பெண்கள், "புள்ளைங்க எல்லாம் பின்னாடி ஏறுங்க." இருப்பதிலேயே மோசமான இடம் இருப்பவர்களிலேயே சின்னவர்களுக்குப் போகிறது. அதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. யாரும் யோசிப்பதும் இல்லை.

தயவுசெய்து யோசியுங்கள். இந்த வாரமே யோசியுங்கள்.

முதலில் அந்தப் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறுங்கள். பழைய ஸ்கார்ப்பியோ, பொலீரோ, சுமோ, சஃபாரி இவற்றில் பெரும்பாலானவற்றில் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி மடித்துவைத்த சீட் இருக்கும். இறக்கினால் எதிரெதிரே பார்த்து உட்காரும் பெஞ்சு ஆகிவிடும். உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் முழங்கால் உங்கள் முழங்காலில் இடிக்கும். சாய்மானம் தோளுக்குக் கீழேயே முடிந்துவிடும், தலைக்குப் பின்னால் வெறும் கண்ணாடி. மேலே ஒரு கைப்பிடி தொங்கும், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது. வலது கைப்பக்கமோ இடது கைப்பக்கமோ ஒரு முழ தூரத்தில் பின்கதவின் தகடு. இப்போது பெல்ட்டைத் தேடுங்கள். இருக்காது. எங்காவது சீட்டுக்கு அடியில் போயிருக்கும் என்று கையை விட்டுத் துழாவினாலும் இருக்காது. கம்பெனியே வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை என்றால், சட்டம் கேட்கவில்லை. பின்னால் உட்காருபவர் பெல்ட் போட வேண்டும் என்று சொல்லும் மத்திய மோட்டார் வாகன விதி 138, முன்னோக்கிப் பார்த்திருக்கும் பின்சீட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பக்கவாட்டு சீட் அந்த வரிக்கு வெளியே நின்றுவிட்டது. நாமும் அந்தச் சீட்டை வைத்துத்தான் "ஒன்பது பேர் தாராளமா போலாம்" என்று கணக்குச் சொல்கிறோம்.

வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிடும். உள்ளே கட்டப்படாமல் இருக்கும் உடம்பு நிற்காது, அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து போகும். அந்த வேகத்தில் போய் எதிலாவது இடிப்பது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் பிள்ளை நின்றால் பதறி ஓடிப்போய் இழுக்கிறோம். அதே பிள்ளையைப் பெல்ட் இல்லாத பெஞ்சில் உட்காரவைத்து விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியதும் 100-ல் போகிறோம்.

2022-ஆம் வருஷம் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இதில் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்தப் பதினாறாயிரத்தைப் பிரித்துப் பார்த்தால் 8,384 பேர் ஓட்டியவர்கள், 8,331 பேர் கூடப் போனவர்கள். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. ஸ்டீயரிங் பிடித்தவனுக்குத்தான் பெல்ட், கூட வருகிறவர்களுக்கு எதற்கு என்று நினைக்கும் ஒவ்வொருவரும் அந்த இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். அதே வருஷம் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105. சாவில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து நாம், 17,884 பேர்.

அந்த வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி சைரஸ் மிஸ்திரி இறந்தது நினைவிருக்கும். டாடா குழுமத்தின் தலைவராக இருந்தவர். மகாராஷ்டிராவில் பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் அவர் போன மெர்சிடிஸ் ஜிஎல்சி தடுப்பில் மோதியது. விலையுயர்ந்த, உறுதியான, ஏர்பேக்குகள் நிறைந்த எஸ்யுவி. முன்னால் இருந்த இரண்டு பேர் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. அந்தப் பின்சீட்டில் பெல்ட் இருந்தது. நீங்கள் பார்க்கப்போகும் வண்டியின் கடைசி வரிசையில் அதுகூடக் கிடையாது.

"பெரிய வண்டி சார், எடை இருக்கு, இடிச்சா அடுத்தவனுக்குத்தான் அடி" என்று பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்காரர் சொல்வார். தயவுசெய்து அதை நம்பிப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். 2016-இல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்கார்ப்பியோவை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம். அடுத்த வருஷம் ரெனோ டஸ்டரை இரண்டு விதமாகச் சோதித்தார்கள். ஏர்பேக் இல்லாத டஸ்டருக்குப் பூஜ்யம், டிரைவர் ஏர்பேக் உள்ள டஸ்டருக்கு மூன்று நட்சத்திரம். தெருவில் நின்றால் இரண்டும் ஒரே வண்டிதான். அதே உயரம், அதே சக்கரம், அதே கம்பீரம். அதனால் வண்டியின் பெயரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். எந்த வேரியன்ட், எந்த மாசம் எந்த வருஷம் தயாரானது என்று கேளுங்கள், ஆர்சியில் பாருங்கள். 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் எல்லா மாடலிலும் கட்டாயமானது 2022 பிறந்தபோதுதான். ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலிருந்து. அதற்கு முந்தைய வண்டிகளில் காசு அதிகம் கொடுத்து மேல் வேரியன்ட் எடுத்தவர்களுக்குத்தான் இவை இருந்தன. அடிமட்ட வேரியன்ட்டை அலாய் வீலும் ஸ்டிக்கரும் போட்டு மேல் வேரியன்ட் மாதிரி நிறுத்துவது சந்தையில் சாதாரணம். ஸ்டீயரிங் நடுவிலும் டேஷ்போர்டிலும் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

எழுத்து இருந்தால் மட்டும் போதாது. சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒருமுறை விபத்தில் வெடித்த ஏர்பேக்கைப் புதிதாக மாற்ற நிறையச் செலவாகும் என்பதால் மேல்மூடியை மட்டும் ஒட்டிவிட்டு விளக்கை அடைத்துவிடும் அயோக்கியத்தனம் இந்தத் தொழிலில் உண்டு. எரிந்து அணையாமல் நின்றாலும் கோளாறுதான். முன்னால் முட்டுக்கம்பி, அதாவது புல் பார் மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். அதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்யச் சொல்லிவிட்டது. மோதலின் வேகம் கம்பி வழியாக நேராக வண்டியின் சேசிஸுக்குப் போனால், ஏர்பேக்கை எப்போது விரிக்க வேண்டும் என்று கணக்கிடும் சென்சார் ஏமாந்துபோகும். நடந்து போகிறவன் மீது பட்டால் அவன் கதி என்ன என்பதும் நம் கவலையாக இருக்க வேண்டும்.

இனி நடு வரிசைக்கு வாருங்கள். ரெக்ஸின் சீட் கவர் போட்ட பழைய வண்டியில் பின்சீட் பெல்ட்டின் கொக்கி மாட்டும் பக்கிள் பெரும்பாலும் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருவரும் போட்டதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கவரைப் பிரிக்கச் சொல்லுங்கள். "டெலிவரிக்கு முன்னாடி எடுத்துத் தர்றோம் சார்" என்பார்கள். இல்லை, இப்போதே, உங்கள் முன்னாலேயே பிரிக்க வேண்டும். மூன்று பக்கிளையும் மேலே எடுத்து, ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டி, படக்கென்று இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் பிடித்துக்கொள்ள வேண்டும். மெதுவாக விட்டால் முழுவதும் உள்ளே சுருள வேண்டும். நடு சீட்டுக்கு இடுப்பை மட்டும் கட்டும் பெல்ட் இருந்தால், அது குழந்தை இருக்கை மாட்டத் தோதில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பெல்ட் பக்கிளில் நாக்கு மாதிரி ஒரு போலி கிளிப் சொருகியிருந்தால், அலாரத்தை ஏமாற்ற முந்தைய ஓனர் வைத்தது. உடனே பிடுங்கிப் போடுங்கள்.

பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுப்பதில் இன்னொரு லாபம் உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டியை வெளியே கழுவிவிடலாம், சீட்டை மாற்றிவிடலாம், வாசனைக்கு ஸ்ப்ரே அடிக்கலாம். உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட் துணியின் கடைசி முழத்தைக் கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதை நாம் பார்த்தோம். அவற்றில் பல ஏலத்தில் போய், வேறு ஊர்களில் பளபளவென்று நிற்கின்றன. இழுத்த பெல்ட்டில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால், சீட் தண்டவாளத்தில் துரு இருந்தால், ஸ்டெப்னி வைக்கும் இடத்தின் மூலையில் வண்டல் காய்ந்திருந்தால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் ஒயரில் ஓடுகிறவை. நனைந்த ஒயர் இன்று வேலை செய்யும், என்றைக்குக் கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டயரைப் பற்றி ஒரே ஒரு விஷயம். பட்டன் தேயவில்லை என்பதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்று இருந்தால் 2018-ஆம் வருஷத்தின் இருபத்துமூன்றாவது வாரத்தில் செய்தது. அதிகம் ஓடாத வண்டி என்று பெருமையாகச் சொல்வார்களே, அந்த வண்டிகளில்தான் ஓடாமலே கிழடாகிப்போன டயர்கள் இருக்கும். மே மாத வெயிலில் ஏழு பேரையும் மேலே கேரியரில் மூட்டையையும் வைத்துக்கொண்டு நான்குவழிச் சாலையில் போகும்போது அவை வெடிக்கின்றன. உயரமான வண்டி அந்த நேரத்தில் கவிழும், தாழ்வான கார் கவிழ்வதைவிடச் சுலபமாகக் கவிழும். ஸ்டெப்னியின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசி சீட்டுக்குத் திரும்பி வருகிறேன். ஏனென்றால் இங்கே ஒரு குறுக்கு வழி காட்டுவார்கள். "சைடு சீட் புடிக்கலைன்னா சொல்லுங்க சார், ரெண்டே நாள்ல முன்னாடி பார்த்த மாதிரி கேப்டன் சீட் போட்டுத் தர்றோம், பெல்ட்டும் வெச்சுக் கொடுத்துடறோம்." சீட் கவர் தைக்கும் கடையிலேயே இந்த வேலை நடக்கிறது. ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனி ஒரு சீட்டைப் பொருத்தும்போது அதன் போல்ட் எந்தத் தகட்டில் இறங்குகிறது, அந்தத் தகடு எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்று சோதித்துத்தான் பொருத்துகிறது. கடையில் டிரில் போட்டு மெல்லிய தரைத் தகட்டில் முறுக்கிய போல்ட், மோதலில் தகட்டைக் கிழித்துக்கொண்டு சீட்டோடு வரும். பெல்ட் கட்டிய குழந்தை அந்தச் சீட்டோடு சேர்ந்து வரும். ஆர்சியில் பதிந்த சீட் அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றுவது சட்டப்படியும் தப்பு. மூன்றாவது வரிசை வேண்டும் என்றால் கம்பெனியிலிருந்தே முன்னோக்கிப் பார்த்த சீட்டும் பெல்ட்டும் வைத்து வந்த வண்டியைத் தேடுங்கள். இன்னோவாவிலும் எக்ஸ்யுவி500-லும் மூன்றாம் வரிசை முன்னோக்கித்தான் இருக்கிறது. விலை கூடுதலாக இருக்கும், டாக்ஸியாக ஓடி மீட்டர் திருப்பிய இன்னோவாக்களும் நிறைய வருகின்றன, அதனால் சர்வீஸ் வரலாற்றைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். தேடினால் கிடைக்கும். அவசரப்பட்டால் கிடைக்காது.

அப்படி ஒன்று உங்கள் பணத்துக்குள் வரவில்லை என்றால், என் வேண்டுகோளைக் கேளுங்கள். ஏழு பேர் வண்டி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அதே பணத்துக்கு 2019-க்குப் பிறகு தயாரான ஐந்து சீட் வண்டி கிடைக்கும். டாடா நெக்ஸான் 2018 டிசம்பரிலேயே குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, மஹிந்திரா எக்ஸ்யுவி300 அதற்கு ஒரு வருஷம் கழித்து வாங்கியது. தினமும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் அது போதும். வருஷத்தில் சில நாள் எல்லோரும் சேர்ந்து போக வேண்டியிருந்தால், அன்றைக்கு பெல்ட் உள்ள ஒரு நல்ல வாடகை வண்டி எடுங்கள், அல்லது இரண்டு பேர் பஸ்ஸில் வரட்டும். அப்பாவுக்கு ரயிலில் ஒரு கீழ் பெர்த் போட்டுக் கொடுங்கள், அவர் காலுக்கும் நல்லது. வருஷத்தில் அந்தச் சில நாளுக்காக மீதி நாள் முழுவதும் பழைய, ஏர்பேக் இல்லாத, பெரிய வண்டியில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போவது நியாயமே இல்லை.

வீட்டில் எதிர்ப்பு வரும். மாமியார் சொல்வார், "நாங்கல்லாம் டெம்போவுல நின்னுக்கிட்டே கல்யாணத்துக்குப் போனவங்க மாப்பிள்ளை." தம்பி, "ஐந்து சீட்டு வாங்குறதுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தீங்க அண்ணே" என்பான். சண்டை போடாதீர்கள். அவர்கள் டெம்போவில் போன காலத்தில் சாலை நாற்பதில்தான் போகவிட்டது. இப்போது நூறில் போகவிடுகிறது. இதை மட்டும் அமைதியாகச் சொல்லிவிட்டு உங்கள் முடிவில் நில்லுங்கள். தெருவில் பெரிய வண்டி நின்றால் கிடைக்கும் மரியாதை எனக்கும் புரிகிறது. அந்த மரியாதையின் விலையைப் பின்சீட்டில் இருக்கும் குழந்தை கட்டக்கூடாது.

இன்னொரு பழக்கத்தையும் இதோடு விட்டுவிட வேண்டும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா முன்சீட்டில் உட்காருவது. பார்க்க எவ்வளவு பாசமாக இருந்தாலும் கைக்குழந்தைக்கு இதைவிட ஆபத்தான இடம் வண்டியில் வேறு இல்லை. 10 கிலோ குழந்தை 50 கிலோமீட்டர் வேக மோதலில் கையை இழுக்கும் இழுப்பு, ஒரு கணம் 300 கிலோ எடைக்கு ஒப்பாகும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, அவள் எவ்வளவு இறுக்கி அணைத்திருந்தாலும் சரி. ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் கண் இமைப்பதற்குள் அது விரிந்து நேராகக் குழந்தையின் தலையில் வந்து இடிக்கும். பெரியவரின் மார்பைக் காக்கச் செய்த பொருள் பிஞ்சுக் கழுத்தைக் காக்காது. குழந்தை பின்சீட்டில், தனி இருக்கையில் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கான இருக்கை வண்டியின் பின்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும். வளர்ந்த பிறகும் உயரம் 135 சென்டிமீட்டர் ஆகும்வரை பூஸ்டர் வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் தோளில் விழாமல் கழுத்தில் விழும். பத்தாயிரம் ரூபாய் சுற்றில் நல்ல இருக்கையே கிடைக்கிறது. மியூசிக் சிஸ்டம் மாற்றவும் ஃபாக் லைட் போடவும் ஒதுக்கியிருக்கும் காசை இதற்கு எடுங்கள். பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு ஆயிரம் ரூபாய் அபராதம் போடுகிறது. நம் ஊரில் அதை யாரும் கேட்பதில்லை என்பது உண்மைதான். கேட்க ஆளில்லாத இடத்தில்தான் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் ஒரு வாரம் குழந்தை அந்த இருக்கையில் அழும். அழட்டும். பாட்டி, "எடுத்துக் கையில வெச்சுக்கோ, பாவம்" என்பார். எடுக்காதீர்கள். அழுகை தாங்க முடியவில்லை என்றால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறக்கித் தூக்கிக் கொஞ்சிவிட்டு, மறுபடி உட்கார வைத்துக் கட்டிய பிறகு கிளம்புங்கள். பழகிய குழந்தை அப்புறம் பெல்ட் போடாமல் வண்டியைக் கிளப்ப விடாது. உங்கள் அப்பாவையும் அதுவே போடவைக்கும்.

காகிதத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அதை உங்களுக்குச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஃபைனான்ஸ் பாக்கி இருந்தால் ஆர்சியில் ஹெச்பி என்ற கடன் பதிவு கேன்சல் ஆனதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, "பேர் மாத்துறதை அப்புறம் பாத்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். விற்றவருக்கு அது பெரிய துரோகம். வண்டி கைமாறிவிட்டாலும் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கையில் நடந்த விபத்துக்கு, எங்கோ இருக்கும் ஒரு வயதானவர் கோர்ட் படி ஏறக்கூடாது. இன்ஷூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

ஏற்கெனவே அப்படி ஒரு வண்டி வாங்கி வாசலில் நிறுத்தியிருப்பவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். மனம் சங்கடப்பட வேண்டாம், இன்றைக்கே செய்யக்கூடியது இருக்கிறது. பக்கவாட்டு சீட்டுகளை மடித்துக் கட்டிவிடுங்கள். அந்த இடம் சாமான் வைக்கும் இடம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், விருந்தாளிக் குழந்தைகள் உட்பட. வைக்கும் சாமானையும் கயிற்றால் கட்டுங்கள், மோதலில் குக்கர் பறந்து வந்தாலும் உயிர் போகும். சீட் கவரைப் பிரித்து நடுவரிசை பக்கிள்களை வெளியே எடுங்கள். டயர் தேதியைப் பார்த்து, பழசாக இருந்தால் தவணையிலாவது மாற்றுங்கள். முட்டுக்கம்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுங்கள். வேகத்தை எண்பதுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பிறகு ஒருநாள் அந்த வண்டியை நீங்களும் விற்பீர்கள். வாங்க வருபவர் கையில் ஒரு குழந்தையோடும் வயிற்றுப்பிள்ளைக்காரி மனைவியோடும் வருவார். பானெட்டைத் திறந்து பார்ப்பார், ஒரு ரவுண்டு ஓட்டுவார், பின்கதவைத் திறக்க மாட்டார். நீங்கள் திறந்து காட்டுங்கள். இந்தச் சீட்டுக்கு பெல்ட் கிடையாது, பிள்ளைகளை இங்கே உட்கார வைக்காதீர்கள், முன்னால் ஏர்பேக் இல்லை, இந்த வருஷம் இந்த இடத்தில் இடித்து டிங்கரிங் பார்த்திருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ப்ரோக்கர் முகம் சுளிப்பார். விலையில் இருபதாயிரமோ முப்பதாயிரமோ குறையும். குறைத்துக் கொடுங்கள்.